பார்த்தலும் தேடலும்

நோன்பு மாதம் பிறக்கும் தறுவாயிலும் பெருநாளுக்கு முந்திய அந்தியிலும் கல்முனைக் கடற்கரையில் பிறை பார்க்க நிற்போரைக் காணும் புதியவர் சற்று வியப்படைதல் கூடும். கடற்கரைக்கு வந்தவர்கள் கடலைப் பார்ப்பதில்லை. எங்களுக்குக் கடல் கிழக்கே. இளம்பிறை தோன்றுவதோ மேற்கே, தென்னந்தோப்புகளுக்கும் நெல்வயல்களுக்கும் அப்பால். ஆதலின் அலைக்கு முதுகு காட்டி, இன்னும் தோன்றாத ஒன்றின்மேற் கண்வைத்து நிற்கிறார்கள்.

இச்செயலைத் தமிழ் 'பிறை பார்த்தல்' என்கிறது. ஆங்கிலமோ இங்கே ஒரு சிறு சொல்லைத் துணைக்கு அழைக்கின்றது. பிறை கண்ணிற் படும்வரை அவர்கள் செய்வது 'லுக் ஃபோர்'. கண்ணிற் பட்டபின் செய்வது 'லுக் அற்'. வினைச்சொல் ஒன்றே. பொருள் எதிரே உள்ளதா, இல்லையா என்பதைச் சொல்வது அதன் பின்வரும் துணைச்சொல். 'ஃபோர்' என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில், தேடப்படும் பொருள் இன்னும் அவர் கைக்கு வரவில்லை என்பது கேட்பவருக்கு விளங்கிவிடும்.

இத்தனை பெரிய பொறுப்பைத் தாங்கும் அச்சிறுசொல்லைத்தான் எம் மாணவர் முதலிற் கைவிடுகின்றனர். "சேர், என்ட பேனையத் தேடுறன்" என்று வாயாற் சொல்லும் பிள்ளை, ஆங்கிலத்தில் "ஐ ஆம் லுக்கிங் மை பென்" என்று எழுதுகின்றது. காரணம் அறியாமை அன்று, தமிழறிவே. 'பேனையை' என்ற இரண்டாம் வேற்றுமை உருபு செயப்படுபொருளைச் சுட்டும் வேலையை முடித்துவிடுவதால், வேறொரு சொல் எதற்கு என்று தமிழ் மனம் கேட்கின்றது. 'ஃபோர்' என்றால் 'ஆக' என்று உருப்போட்ட பிள்ளைக்கு இது இன்னும் மயக்கம் தரும். 'பேனைக்காகப் பார்க்கிறேன்' என்று யார் சொல்வார்?

அச்சொற்கள் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. அகராதியிற் சொல்லொன்றைப் பார்ப்பதற்குரிய 'லுக் அப்' என்பதன் நடுவே 'அது' என்னும் பொருள்தரும் 'இற்' புகுந்து 'லுக் இற் அப்' என நிற்கலாம். 'லுக் இற் ஃபோர்' என்பதோ பிழை. 'லுக் ஃபோர் இற்' என்பதே வழக்கு. வினாவில் இன்னும் ஒரு விந்தை: "வட் ஆர் யூ லுக்கிங் ஃபோர்?" பொருள் இன்னதென்று தெரியாதபோது, 'ஃபோர்' வாக்கியத்தின் ஈற்றிற் போய்த் தனியே நிற்கின்றது.

இனி, நம் 'தேடு' என்னும் வினையைச் சற்று நோக்குவோம். அது வெறுங்கையோடு அலைவதை மட்டும் குறிப்பதன்று. 'பொருள் தேடினான்' என்றால் ஈட்டினான் என்பதே கருத்து. அதிலிருந்து பிறந்த 'தேட்டம்' ஈட்டிய சொத்தையும் குறிக்கும். வடபகுதித் தமிழரின் தேசவழமை, மணவாழ்வின்போது ஈட்டிய உடைமையைத் 'தேடிய தேட்டம்' என்றது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச்சட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோதும் அத்தமிழ்த் தொடரை மொழிபெயர்க்காது அப்படியே ஏற்றுக்கொண்டது. சட்டம் வரைந்தவர்கள் 'லுக் ஃபோர்' என்று பெயர்த்திருந்தால், தேடிய சொத்தெல்லாம் காணாமற்போன சொத்தாகியிருக்கும்!

முஸ்லிம்களாகிய எம் வழக்கிலும் இச்சொல்லுக்கு இடம் பெரிது. பாவமன்னிப்புத் தேடுகிறோம், இறைவனிடம் பாதுகாவல் தேடுகிறோம். இவை வேண்டிப் பெறுதலாகிய தேடல். ஆங்கிலத்தில் 'சீக்' என்னும் வினைக்கு உரியவை. ஆனால் நோன்பின் கடைசிப் பத்து இரவுகளில் லைலத்துல் கத்ர் இரவைத் தேடுங்கள் எனும்போது 'லுக் ஃபோர்' செம்மையாகப் பொருந்துகின்றது. அவ்விரவு எதுவென்று திட்டமாகத் தெரியாதன்றோ?

வீட்டுக் காரியங்களுக்கும் இதுவே விதி. 'மாப்பிள்ளை பார்க்கிறோம்' என்பது 'லுக் ஃபோர்'. மாப்பிள்ளை வந்து கூடத்தில் அமர்ந்தபின், கதவிடுக்கால் நடப்பது 'லுக் அற்'. 'வேலை தேடுகிறான்', 'வேலை பார்க்கிறான்' என்னும் இரண்டிற்கும் இடையே ஒரு குடும்பத்தின் சோறு இருக்கின்றது. தோஹாவுக்கோ ரியாத்துக்கோ விண்ணப்பம் எழுதும் இளைஞன் "ஐ ஆம் லுக்கிங் ஏ ஜொப்" என எழுதினால், படிப்பவர் கருத்தை ஊகித்துக்கொள்வார்; ஆயின் அவன் ஆங்கிலத்தையும் அக்கணமே எடைபோட்டுவிடுவார்.

ஊகிக்க முடியாத இடமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிரை இழக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில், அகதிகள் தங்கிய பாடசாலை ஒன்றில், வெளிநாட்டுத் தாதி ஒருவரின் மேசைமுன் நின்ற வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஐ ஆம் லுக்கிங் மை டோட்டர்" என்றார். மகளைப் பராமரிக்கிறார் என்று எண்ணிய தாதி, அவர் முதுகுப்புறம் எட்டிப் பார்த்து, பிள்ளையை முன்னே கொண்டுவரும்படி சைகை செய்தார். அவரும் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் நின்றது நான்தான்.

"ஃபோர்" என்றேன். "லுக்கிங் ஃபோர் ஹிஸ் டோட்டர்."

தாதி கையிலிருந்த மருந்துச் சீட்டை வைத்துவிட்டு, வேறொரு தாளை எடுத்துப் பெயரும் வயதும் கேட்டார்.

கால வேறுபாட்டையும் சொல்லிவிடல் வேண்டும். 'லுக்ட் ஃபோர்' என்னும் இறந்தகாலம் தேடல் முடிந்துவிட்டது எனக் காட்டும்; கிடைத்ததா என்பதை அது சொல்லாது, அதற்கு 'ஃபவுண்ட்' வேண்டும். முன்னர்த் தொடங்கி இன்றும் ஓயாத தேடலுக்கு 'ஹாவ் பீன் லுக்கிங் ஃபோர்' என்பர். நம் 'தேடிவருகிறோம்' என்பதற்கு அது மிக நெருங்கியது. இவ்விரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டும்போது, குடையொன்றைத் தொலைத்தவரைப் பற்றிய வாக்கியங்களையே நான் எழுதுவது வழக்கம்.