வசனம் கேட்கவில்லையா? ஒலியைக் கூட்டாதீர்கள், சமப்படுத்துங்கள்

சுங்கை பட்டாணி, கூலிம் தாமான்களிலும் பீடோங் வட்டாரத் தோட்டங்களிலும் தீபாவளி விடுமுறை என்றால் பல வீடுகளில் வரவேற்பறையே திரையரங்கு ஆகிவிடும். சண்டைக் காட்சியில் சன்னல் கண்ணாடி அதிரும். அடுத்த காட்சியில் கதாநாயகன் பேசுவது பாட்டிக்குக் கேட்காது. ரிமோட்டில் ஒலியைக் கூட்டினால், அடுத்த வெடிச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் குறை ஒலியின் அளவில் இல்லை. ஸ்பீக்கர்களுக்கு இடையிலான சமநிலையில்தான் இருக்கிறது.

5.1 அமைப்பில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் உண்டு. வசனம் பெரும்பாலும் தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள நடு ஸ்பீக்கரில்தான் வரும். நம் வரிசை வீடுகளில் சோபா பின்சுவரை ஒட்டியே இருப்பதால், பின் ஸ்பீக்கர்கள் காதருகே அமைந்துவிடுகின்றன. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். படிவம் 4 கூடுதல் கணிதத்தில் மடக்கை படித்தவர்கள் 20 log 2 என்று போட்டுப் பாருங்கள், விடை கிடைக்கும். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் வேறுபாடு சற்றுக் குறையும், ஆனால் மறையாது.

சமப்படுத்த அரை மணி நேரம் போதும். வழக்கமாக அமரும் நடு இருக்கையில் உட்காருங்கள். கைப்பேசியில் டெசிபல் அளக்கும் செயலியைத் திறந்து, காது உயரத்தில் அசையாமல் பிடியுங்கள். ரிசீவரின் அமைப்புப் பகுதியில் சோதனை ஒலியை இயக்கினால், ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றாக 'உஸ்' என்று இரையும். முன் இடது ஸ்பீக்கர் ஏறக்குறைய 75 டெசிபல் காட்டும்படி வையுங்கள். பிறகு பொது ஒலியளவைத் தொடாமல், மற்ற ஸ்பீக்கர்களைத் தனித்தனியே அதே அளவுக்குக் கொண்டு வாருங்கள். செயலியின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒப்பீடுதான் முக்கியம்.

சப்வூஃபருக்கு மட்டும் கைப்பேசியை நம்பாதீர்கள். மிகத் தாழ்ந்த ஒலியை அது சரியாக அளக்காது. நன்கு பழகிய பாடலைப் போட்டுக் காதால் சரிபாருங்கள். மூலையில் வைத்தால் சுவர்கள் அதன் ஒலியைப் பெருக்கும். சற்று நகர்த்திப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் பாட்டிக்கு வசனம் தெளிவாக இல்லையென்றால், நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டலாம்.

இது சொகுசு மட்டுமல்ல, செவிநலமும்கூட. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுப் பணியிட இரைச்சல் விதிமுறைகள், நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு 85 டெசிபலை வரம்பாக வைத்துள்ளன. 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும். எனவே 88 டெசிபலில் 4 மணி நேரமே தாங்கலாம். இந்த வரம்பு பணியிடங்களுக்குத்தான். ஆனால் காது எல்லா இடத்திலும் ஒன்றுதான். இழந்த செவித்திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை.

மாணவர்களே, அடுத்த படத்தைப் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒலியைக் குறைத்தும் வசனம் தெளிவாகக் கேட்டால், சமநிலை சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.