மணம் சேராத மூக்குப்பொடி

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறியவர்களுக்கு நம் ஊர்ப் பண்டங்களுள் பெரும்பாலானவை இன்று எட்டாதவை அல்ல. காப்பிப்பொடியும் அப்பளமும் நல்லெண்ணெயும் வடக்கே எந்தப் பெரிய நகரத்திலும் கிடைத்துவிடுகின்றன. ஆனால், பிள்ளைகளோடு தங்குவதற்காக ஊரை விட்டு வந்த முதியவர் ஒருவர், கொண்டுவந்த பொடி தீர்ந்துபோயிற்று என்று சொல்லும்போது வீட்டார் திகைத்துப்போகின்றனர். கடைத்தெருவில் கிடைப்பது ஒன்று ரோஜா மணம் வீசுகிறது; மற்றொன்று மெந்தால் கலந்து கண்ணைக் கரிக்கிறது. அவர் கேட்பதோ மணம் எதுவும் சேராத வெறும் பொடி. அதனை இனங்கண்டு வாங்குவது எங்ஙனம், அதன் வகைகளுள் எது தக்கது, அதனால் விளையும் தீங்கு யாது என்பவற்றை இங்கே முறையாகக் காண்போம்.

இந்த ஆராய்ச்சியைத் தொடங்குவதற்குச் சித்தூரும் திருப்பதியும் ஏற்ற ஊர்கள். வட ஆர்க்காட்டின் சில வட்டங்களையும் கடப்பையின் சில வட்டங்களையும் சேர்த்து 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்து சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினும், அவ்வூர்களின் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கிவருகின்றன. தமிழர் ‘மூக்குப்பொடி’ என்கிறார்; தெலுங்கர் ‘முக்குப்பொடி’ என்கிறார். ஒரே சொல்லின் இரு வடிவங்கள் இவை என்பது சொல்லாமலே விளங்கும். கேட்பதிலும் கொடுப்பதிலும் அங்கே குழப்பத்திற்கு இடமில்லை.

அங்கிருந்து மேலும் செல்லச் செல்லப் பெயர் மாறுகிறது. தெலுங்கிலேயே ‘நஸ்யம்’ என்ற மற்றொரு பெயரும் உண்டு; கன்னடத்தில் ‘நஸ்ய’; வங்காளியில் ‘நொஸ்யி’; மராட்டியில் ‘தப்கீர்’; குஜராத்தியில் ‘சீங்க்ணி’; இந்தியில் ‘சுங்கனி’. காமாயனி என்னும் காவியத்தை இயற்றிய இந்திக் கவிஞர் ஜயசங்கர் பிரசாத்தின் குடும்பம் காசியில் பொடி வணிகம் செய்து, ‘சுங்கனி சாஹு’ என்றே பெயர் பெற்றிருந்தது. தமிழிலும் இப்பண்டத்திற்கு இலக்கிய உறவு இல்லாமற் போகவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே பழனி முருகனிடம் தூது அனுப்பிப் ‘புகையிலை விடு தூது’ பாடினார். அறிஞர் அண்ணாதுரையின் பொடிப் பழக்கமும் தமிழ்நாடு அறிந்த செய்தி.

பெயர் வேறுபாட்டில் இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். முதலாவது, ‘நஸ்யம்’ என்பது ஆயுர்வேதத்தில் மூக்கின் வழியே மருந்து செலுத்தும் சிகிச்சைக்கும் பெயராகும். பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு புகையிலைப் பொடியை மருந்தென்று எண்ணுதல் பிழை. இரண்டாவது, மேற்கு மாநிலங்களில் இத்தகைய பொடியைப் பல்லிலும் ஈறிலும் தேய்க்கும் வழக்கம் பரவியுள்ளது. குஜராத்தில் அதற்கு ‘பஜர்’ என்று தனிப் பெயரும் வழங்குகிறது. மூக்கிற்கென்று கேளாமல் வாங்கினால் பல்லுக்கு உரியது கைக்கு வந்துவிடும்.

இனி, ‘மணம் சேராதது’ என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ரோஜா, ஏலம், மெந்தால், கற்பூரம் முதலிய வாசனைகள் கலவாமல், இலையின் இயல்பான வாடையும் வறுவலின் வாடையும் மட்டுமே உடையதை நாம் அவ்வாறு அழைக்கிறோம். புகையிலையைப் பதமாக உலர்த்தி, வறுத்து, இடித்து, சலித்து எடுப்பதே பொடி செய்யும் முறையின் சாரம். தென்னாட்டுத் தயாரிப்புகளில் நெய்யும் சிறிது சுண்ணாம்பும் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நெய் பொடியின் கடுமையைத் தணித்து வழுவழுப்புத் தருகிறது. சுண்ணாம்பின் செயல் வேறு. அது பொடியைக் காரத்தன்மை உடையதாக்குகிறது. காரத்தன்மை மிகுந்தால் இலையிலுள்ள நிகோடின் விரைவில் விடுபட்டு, மூக்கின் மென்சவ்வு வழியாக இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே, மணம் சேராத இரு பொடிகள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினும் வேகத்தில் பெரிதும் மாறுபடலாம்.

ஒப்பிடுவதற்கு நான்கு அடையாளங்கள் போதும்.

முதலாவது நிறம். இளவறுவல் பொடி வெளிர் பழுப்பாகவும், முதிர்ந்த வறுவல் பொடி கருமையாகவும் இருக்கும். கறுத்தது வேகம் மிக்கது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. நிறம் வறுவலைக் காட்டுமேயன்றி வேகத்தைக் காட்டாது.

இரண்டாவது நயம். மாவுபோல் நுண்ணிய பொடி எளிதில் உள்ளேறித் தொண்டைக்கும் சென்று இருமல் தரும். சற்றுக் கரகரப்பாக அரைத்தது மூக்கின் முன்பகுதியிலேயே தங்கும்.

மூன்றாவது ஈரம். விரலிடையே எடுத்தால் இலேசாக ஒட்டும் பொடி புதியது. தூசியாகப் பறப்பது காய்ந்துபோனது. பழைய பொடிக்கடைகளில் சாடியிலிருந்து நீண்ட காம்புக் கரண்டியால் எடுத்து வாழை மட்டையில் மடித்துத் தந்ததில் ஈரம் காக்கும் அறிவும் அடங்கியிருந்தது.

நான்காவது நெடி. டப்பியைத் திறந்தவுடன் நவச்சாரம் போன்ற நெடி எழுந்தால் அப்பொடியில் காரத்தன்மை மிகுதி என்று கொள்ளலாம். வேகத்தை அறிய இதுவே நம்பத்தக்க அடையாளம். மணம் கலந்த பொடியில் இந்த நெடியை ரோஜாவும் மெந்தாலும் மறைத்துவிடும். மணம் சேராததை நாம் விரும்புவதற்கு முதற்காரணம் இதுதான்: அது தன் குணத்தை மறைப்பதில்லை.

இந்த அடையாளங்களைக் கொண்டு நோக்கினால் வெறும் பொடிகளை மூன்று இனமாகப் பிரிக்கலாம். நெய் சேர்ந்த, கருமை நிறத் தென்னாட்டுப் பொடி ஓர் இனம். பழைய வார இதழ்களின் விளம்பரப் பக்கங்களில் ‘பட்டணம் பொடி’ என்று நாம் கண்ட பெயர் இந்த மரபை நினைவூட்டும். இதற்கு உறவான ஒன்று ஜெர்மனியின் பவேரியாவிலும் உண்டு. அங்குள்ள ‘ஷ்மால்ட்ஸ்லர்’ என்னும் பொடி, முற்காலத்தில் அதில் சேர்க்கப்பட்ட உருக்கிய கொழுப்பினாலேயே அப்பெயர் பெற்றது. நெய்யின் பயனை இரு நாட்டாரும் தனித்தனியே கண்டறிந்தனர் போலும்! இரண்டாம் இனம், நெய்யின்றி நன்கு வறுத்து மாவாக்கிய உலர்ந்த பொடி. அயர்லாந்தில் புகழ்பெற்ற ‘ஹை டோஸ்ட்’ இவ்வினத்தைச் சேர்ந்தது. நுண்மையாலும் உலர்வாலும் பழகாதவரைத் தும்மலில் ஆழ்த்தும். மூன்றாம் இனம், ஈரப்பதமும் கரகரப்பும் உடைய பொடி. பிரெஞ்சு மொழியில் துருவுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து தோன்றிய ‘ராப்பி’ இவ்வகை. ஆந்திரக் கரையின் மசூலிப்பட்டினம் பெயரால் ஒரு பொடி லண்டன் கடைகளில் விற்பனையானதும் இங்கே கருதத்தக்கது.

இவற்றுள் நம் பரிந்துரை யாது? நெடுநாட் பழக்கத்தை இப்போதைக்கு விட இயலாத முதியவருக்கு, நெய் சேர்ந்த தென்னாட்டுப் பொடியில் நவச்சார நெடி குறைந்ததும், மாவாக அரைக்கப்படாததும் ஏற்றது. அது கிடையாத இடத்தில் ஈரமுள்ள கரகரப்பான பொடியை நாடலாம். உலர்ந்த நுண்பொடியை இறுதியாகவே எண்ண வேண்டும். இருமலும் இரைப்பும் உடையவருக்கு அது ஆகாது. பெயர்ச்சீட்டும் தயாரித்த தேதியும் இல்லாத சில்லறைப் பொடியைத் தவிர்ப்பது நலம். அதில் என்ன கலந்துள்ளது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. சிறிய டப்பியாக வாங்கி, இறுக மூடி வைத்து, தீர்ந்தபின் அடுத்ததை வாங்குவது சிறந்தது. புதிய பொடியை முதன்முறை போடும்போது வழக்கமான சிட்டிகையில் பாதியை எடுத்து, வேகமாக உறிஞ்சாமல் மூக்கின் நுனியில் மெல்ல ஏற்க வேண்டும். தலைசுற்றலோ படபடப்போ தோன்றினால் அப்பொடியை விலக்கிவிட வேண்டும்.

இவ்வளவு கூறியபின், சொல்லாமல் விடக்கூடாத பகுதி ஒன்று உண்டு. மணம் சேராதது என்பதனால் தீங்கு சேராதது ஆகிவிடாது. மூக்கின் வழியே செல்லும் நிகோடின் எத்துணை விரைவானது என்பதை 1980ஆம் ஆண்டில் மைக்கேல் ரஸ்ஸல் முதலிய ஆங்கில ஆய்வாளர்கள் காட்டினர்; சிகரெட்டுக்கு ஒப்பான விரைவு அது. அடிமைப்படுத்தும் ஆற்றலும் அதனால்தான் மிகுதி. புகையிலையைப் பதப்படுத்தும்போதே தோன்றும் நைட்ரோசமைன் என்னும் நச்சுப்பொருள்கள் வெறும் பொடியிலும் உள்ளன. 1761இலேயே ஜான் ஹில் என்ற லண்டன் மருத்துவர், அளவின்றிப் பொடி போட்டவரின் மூக்கில் தோன்றிய கட்டிகளைப் பற்றி எழுதி எச்சரித்தார். புகையற்ற புகையிலை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. வாயில் இடுவதற்கு எதிரான சான்றுகள் மிக வலியவை. மூக்கில் இடுவதைப் பற்றிய சான்றுகள் அத்துணைத் திரண்டவை அல்ல. ஆயினும் அதனைப் பாதுகாப்பென்று கொள்ளுதல் பேதைமை. மூக்குப்பொடியைப் பல்லில் தேய்க்கும் வழக்கம் வீட்டில் எவருக்கேனும் இருந்தால், முதலில் நிறுத்த வேண்டியது அதுவே. இரத்த அழுத்தமும் இதய நோயும் உடையவர் மருத்துவரிடம் பொடிப் பழக்கத்தை மறையாமல் கூற வேண்டும். கருவுற்ற பெண்கள் அறவே விலக்க வேண்டும்.

சட்டமும் இதனை மற்றப் புகையிலைப் பண்டங்களோடு ஒன்றாகவே வைத்துள்ளது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் அட்டவணையில் பொடியும் இடம்பெறுகிறது. 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்திற்குள் விற்பதும் குற்றம். ஆகையால் பேரனையோ பேத்தியையோ கடைக்கு அனுப்பிப் பொடி வாங்கிவரச் செய்யும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். திருப்பதிக்கு யாத்திரை வருவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. திருமலையில் புகையிலைப் பண்டங்களுக்கு இடமில்லை. மலையடிவாரத்தில் அலிபிரியில் சோதனை உண்டு. டப்பியைக் கீழேயே விட்டுச் செல்வது முறை.

மலைமேல் ஓரிரு நாள் பொடியின்றி இருக்க முடிந்தவருக்கு, மேலும் சில நாள் இருப்பதும் முற்றிலும் இயலாத காரியம் அன்று. விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தேசியத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது. பழகாதவர் தொடங்க வேண்டாம். பழகியவர் மணத்தில் மயங்காமல், குணமறிந்து, அளவைக் குறைத்துக்கொண்டே வருவாராக.