‘பறக்காதே’ என்று சொல்ல ஓர் அலுவலகம்

ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து ஊர் போய்ச் சேர்ந்த தில்லித் தமிழர்களில் பலர், இன்று மூன்று மணி நேரத்தில் சென்னையில் இறங்கிவிடுகிறோம். டிக்கெட் விலையைப் பற்றிப் பேசுகிறோம். விமானம் பறக்கலாம் என்று அனுமதித்தது யார் என்று கேட்பதில்லை.

அந்தப் பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தினுடையது. சுருக்கமாக டி.ஜி.சி.ஏ. விமானிக்கும் பராமரிப்பு என்ஜினீயருக்கும் உரிமம் தருவதும், விமானம் பறக்கத் தகுதியானதா என்று சான்று தருவதும் அதுவே. விமானி எத்தனை மணி நேரம் பணி செய்யலாம் என்பதற்கு வரம்பு உண்டு. புறப்படுமுன் 12 மணி நேரம் அவர் மதுவைத் தொடக் கூடாது என்றும் விதி உண்டு.

இத்தகைய விதிகளில் சில, உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கியவை. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே, 15,000 அடியில் இருக்கவேண்டிய கஜகஸ்தான் விமானம் கீழே இறங்கி, 14,000 அடியில் எதிரே வந்த சவூதி விமானத்தோடு மோதியது. 349 பேரும் மாண்டனர். அதன் பிறகே, வானில் மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவி இங்கே கட்டாயமாயிற்று.

விதி எழுதினால் மட்டும் போதுமா? நேரில் போய்ச் சோதிக்க ஆள் வேண்டாமா? 2014 ஜனவரியில் அமெரிக்க விமானத் துறை நம் நாட்டை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. அது குறை கண்டது நம் விமானங்களிடம் அல்ல, மேற்பார்வையில். போதிய முழுநேர ஆய்வாளர்கள் இல்லை என்பது முக்கியமான குறை. நம் நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாமல் போயிற்று. ஆய்வாளர்களை நியமித்த பின், 2015 ஏப்ரலில் முதல் தரம் திரும்பக் கிடைத்தது.

விபத்தை விசாரிக்க 2012இல் தனி அமைப்பு ஏற்பட்டதும் நல்லதே. மேற்பார்வையில் தவறு நடந்திருந்தால், மேற்பார்வை செய்தவரே நீதிபதியாக இருக்கலாமா? 2025 ஜூன் 12 அன்று அகமதாபாதில் 260 உயிர்களைப் பறித்த விபத்தின் விசாரணையும் அந்த அமைப்பிடமே வந்தது.

விமானங்கள் பெருகப் பெருக, ஆய்வாளர்களும் பெருக வேண்டும். காலியிடங்களை நிரப்புவது சம்பளக் கணக்கு மட்டுமன்று, நம் உயிர்க் கணக்கு. பழுதென்று விமானம் தாமதமானால் கவுண்டரில் சண்டை பிடிக்கிறோமே, நாம் உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: ‘பறக்காதே’ என்று சொல்ல இந்த நாட்டில் போதுமான ஆட்கள் இருக்கிறார்களா?