ரசீது இல்லாத கட்டணம்

பாமாயில் டின்னைத் திறக்கும்போதும், கிராம்பையும் ஜாதிக்காயையும் நிறுத்துப் பொட்டலம் கட்டும்போதும் அவை எந்தச் சீமையிலிருந்து வந்தன என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் உற்பத்தி செய்யும் நாடு இந்தோனேசியா. கிராம்பு விளைச்சலிலும் அந்த நாட்டுக்கே முதலிடம். தரகர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், நேரில் போய்ச் சரக்கைக் கண்ணால் பார்த்து விலை பேச விரும்பும் மொத்த வியாபாரிகளும், குடும்பத்தோடு பாலித் தீவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் அந்த நாட்டில் முதலில் சந்திப்பது இமிக்ரேஷன் அதிகாரியைத்தான். அங்கே சில இடங்களில் நடந்து வந்த ரசீது இல்லாத வசூலைப் பற்றி நம் வணிகப் பெருமக்கள் தெரிந்துகொள்வது நல்லது.

முதன்முறையாகப் போகும் ஒரு வியாபாரியை நினைத்துக்கொள்வோம். நள்ளிரவு விமானம், நீண்ட வரிசை, வெளியே காத்திருக்கும் கார். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டுகிறார். "திரும்பும் டிக்கெட் எங்கே? கையில் எவ்வளவு பணம்? எதற்காக வந்தீர்கள்?" என்று கேள்விகள் வருகின்றன. பதில் சொன்ன பிறகும் முத்திரை விழவில்லை. பக்கத்து அறையில் உட்காரச் சொல்கிறார்கள். அரை மணி கழித்து ஒருவர் வந்து, சீக்கிரம் முடித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது என்று தணிந்த குரலில் சொல்கிறார். நம்மவர் பையிலிருந்து பணத்தை எடுக்கிறார். அவர் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. விட்டால் போதும் என்று கொடுத்துவிடுகிறார்.

நம் ஊரில் 'மாமூல்' என்றும் 'டீச்செலவு' என்றும் பேர் வைத்திருப்பதைப்போல அங்கேயும் பேர் உண்டு. சட்டத்துக்குப் புறம்பான வசூலைப் 'புங்லி' என்பார்கள். சிறு தொகையாக இருந்தால் 'ஊவாங் ரோக்கோ', அதாவது சிகரெட் காசு. நாட்டு மக்களையே இந்தத் தொல்லை வாட்டியதால், 2016 அக்டோபரில் அன்றைய அதிபர் ஜோக்கோ விடோடோ இதை ஒழிக்கத் தனிப்படையே அமைத்தார். அந்தப் படை 2025இல் கலைக்கப்பட்டது. தங்கள் ஊர்க்காரர்களிடமே வாங்கிப் பழகிய கை, மொழி தெரியாத வெளிநாட்டாரிடம் நீளாமல் இருக்குமா?

சீனத் தூதரகம் எழுதிய கணக்கு

2025 ஜனவரியில் ஜகார்த்தாவிலுள்ள சீனத் தூதரகம் இந்தோனேசிய அரசுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. 2024 பிப்ரவரி முதல் 2025 ஜனவரி வரை, ஜகார்த்தாவின் சுகர்னோ-ஹத்தா விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரிகள் சீனப் பயணிகளிடம் பணம் பறித்ததாக வந்த புகார்களில் 44 தீர்க்கப்பட்டன. 60 பேருக்கு மேற்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 கோடியே 27 லட்சத்து 50 ஆயிரம் ருப்பியா திரும்பக் கிடைத்தது என்று அதில் கண்டிருந்தது.

ருப்பியா என்பதால் தொகை பெரிதாகத் தெரிகிறது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 5 லட்சம் ருப்பியா. நம் பணத்தில் 3,000 ரூபாய்க்கு உட்பட்டதுதான். இறங்கியதும் வாங்கும் 30 நாள் விசாவுக்கு அரசு வாங்கும் கட்டணமும் 5 லட்சம் ருப்பியாதான். அதாவது சர்க்காருக்கு ஒரு விசா, சட்டைப்பைக்கு ஒரு விசா!

இது கொஞ்சம்தான், சொல்லாமல் போனவர்கள் நிறைய என்றும் அந்தக் கடிதம் சொன்னது. பயண அவசரத்தில் சிலர் விட்டுவிட்டார்கள். அடுத்த முறை வரும்போது வம்பு செய்வார்களே என்று சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். 'டிப்ஸ் கொடுக்கக் கூடாது', 'பணம் பறித்தால் புகார் செய்யுங்கள்' என்று சீனம், இந்தோனேசியம், ஆங்கிலம் மூன்றிலும் பலகை வைக்கும்படி தூதரகம் கேட்டது. பயணிகளுக்கு லஞ்சம் கொடுக்கச் சொல்லிக்கொடுக்கும் டிராவல் ஏஜெண்டுகளையும் தடுக்கும்படி கேட்டது. கடிதம் வெளியே வந்ததும், பட்டியலில் கண்ட அதிகாரிகள் எல்லோரும் விமான நிலையப் பணியிலிருந்து எடுக்கப்பட்டார்கள் என்று துறை அமைச்சர் அறிவித்தார்.

வரிசையை விற்றவர்கள்

பாலித் தீவில் நடந்தது வேறு விதம். அங்குள்ள நுரா ராய் விமான நிலையத்தில் முதியவர்கள், ஊனமுற்றோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் ஆகியோருக்கென்று ஒரு விரைவு வழி உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. 2023 நவம்பரில் அரசு வழக்குரைஞர் அலுவலகம் அங்கே திடீரென நுழைந்து இமிக்ரேஷன் ஊழியர் ஐவரைப் பிடித்தது. தகுதி இல்லாத வெளிநாட்டுப் பயணிகளை அந்த வழியில் விட, தலைக்கு 1 லட்சம் முதல் இரண்டரை லட்சம் ருப்பியா வரை வசூல் நடந்ததாகவும், மாதத்துக்கு 10 கோடி முதல் 20 கோடி ருப்பியா வரை சேர்ந்ததாகவும் அந்த அலுவலகம் கூறியது. நம் பணத்தில் மாதம் 5 லட்சத்துக்கு மேல்!

சில்லறை வியாபாரம் செய்யும் நமக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே விளங்கும். ஒரு பொட்டலத்தில் பத்துப் பைசா லாபம் என்றாலும், நாள் முழுக்க விற்றால் கல்லா நிறைகிறது. பயணிக்குச் சின்னத் தொகை. தொலையட்டும் என்று கொடுக்கிறார். வாங்குகிறவருக்கு அது தினசரி வியாபாரம். கொடுக்கும் ஒவ்வொருவரும் பின்னால் நிற்பவருக்கும் சேர்த்து விலை நிர்ணயம் செய்துவிட்டுப் போகிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

குப்பைத் தொட்டியில் பணம்

இதுவரை சொன்னதில் வாங்கியவர்களே குற்றவாளிகள். கொடுத்தவரும் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. அதைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

லொம்போக் தீவில் ஒரு விடுதியில், உரிய விசா இல்லாமல் வேலை செய்ததாக வெளிநாட்டார் இருவரை மாத்தரம் நகர இமிக்ரேஷன் அலுவலகம் பிடித்தது. வழக்கை முடித்துவிட 120 கோடி ருப்பியா பேசப்பட்டது. அன்றைய மதிப்பில் நம் பணத்தில் ஏறத்தாழ 60 லட்ச ரூபாய். பணத்தைக் கையில் வாங்காமல், அதிகாரி அறைக்கு வெளியே இருந்த குப்பைத் தொட்டியில் போடச் செய்தார்கள். ஊழல் ஒழிப்பு ஆணையம் 2019 மே மாதத்தில் எல்லோரையும் பிடித்தது. அலுவலகத் தலைவர் தண்டிக்கப்பட்டார். பணம் கொடுத்த விடுதி நிர்வாகியும் தண்டிக்கப்பட்டார்.

ஜகார்த்தாவில் பணம் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது. லொம்போக்கில் கொடுத்தவருக்குத் தண்டனை வந்தது. ஏன் இந்த வித்தியாசம்? முன்னவர்களிடம் குறை ஏதும் இல்லை, அவர்களிடம் பறித்தார்கள். பின்னவர் குறையை மூடி மறைக்கக் கொடுத்தார். நம் காகிதங்கள் சரியாக இருந்தால்தான் "ஏன் கொடுக்க வேண்டும்?" என்று கேட்க நமக்கு வாய் இருக்கும். எடைக்கல்லில் முத்திரை சரியாக உள்ள கடைக்காரர்தானே இன்ஸ்பெக்டரிடம் நிமிர்ந்து பேச முடியும்!

போகிறவர்கள் கவனத்துக்கு

பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது 6 மாதம் ஆயுள் இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டையும் தங்கும் விடுதி முகவரியையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். பேச்சு ஆரம்பிப்பதே பெரும்பாலும் இவற்றில்தான்.

2022 நவம்பர் முதல் அந்நாட்டு இமிக்ரேஷன் துறையின் இணையதளத்திலேயே விசாவை முன்கூட்டி வாங்கும் வசதி இருக்கிறது. கார்டில் பணம் கட்டினால் ரசீதும் வந்துவிடும். கவுண்டரில் பணத்தைக் கையில் எடுக்கும் வேலையே இல்லை. அசல் தளம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைப்போலவே ஜோடித்து அதிகக் கட்டணம் வாங்கும் போலித் தளங்களும் உண்டு.

வியாபாரம் பற்றிப் பேசுவதும் சரக்குப் பார்த்து வாங்குவதும் அந்த விசாவில் அனுமதிக்கப்பட்டவையே. ஆகவே எதற்கு வந்தீர்கள் என்றால், இருப்பதைச் சொல்லுங்கள். 'டூரிஸ்ட்' என்று பொய் சொல்லி, பெட்டியில் சாம்பிள் பொட்டலங்களோடு மாட்டிக்கொள்ளாதீர்கள். சம்பளத்துக்கு வேலை செய்வதற்கு மட்டும் அது செல்லாது.

நாள் கணக்கில் தப்பு செய்யாதீர்கள். போய் இறங்கிய நாளே முதல் நாள். ஒரு நாள் தாண்டினாலும் 10 லட்சம் ருப்பியா அபராதம். 60 நாளைத் தாண்டினால் நாடு கடத்தல். அபராதம் கட்ட நேர்ந்தால் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பாதித் தொகையில் முடித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் கேட்டால் கோபப்பட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். "கட்டணம் என்றால் ரசீது கொடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். கவுண்டர் எண், நேரம், சட்டையில் உள்ள பெயர், கேட்ட தொகை ஆகியவற்றை மனதில் வைத்திருந்து வெளியே வந்ததும் எழுதி வையுங்கள். பயந்து கொடுத்துவிட்டீர்களா? அதோடு விட்டுவிடாமல் நம் தூதரகத்துக்கு எழுதுங்கள். ஏஜெண்ட் பில்லில் 'இதர செலவு' என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள்.

சீனத் தூதரகம் பெரிய சாகசம் ஒன்றும் செய்துவிடவில்லை. யார், எந்த நாள், எவ்வளவு என்று ஒரு வருஷம் கணக்கு எழுதியது. அந்தக் கணக்கை உரிய இடத்தில் நீட்டியது. அதற்கே அதிகாரிகள் நாற்காலி மாறியது. பேரேடு எழுதுவது நமக்குப் புதிய வேலையா? கடையில் நாலணா வித்தியாசம் வந்தாலும் இரவு உட்கார்ந்து சரிபார்க்கிறவர்கள் நாம். வெளியூரில் கொடுத்த காசை மட்டும் ஏன் எழுதாமல் விட வேண்டும்?