மரணப் பள்ளத்தாக்கின் நகரும் கற்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில், ரேஸ்ட்ராக் பிளாயா என்ற வறண்ட ஏரிப்படுகை இருக்கிறது. நீளம் சுமார் நான்கரை கிலோமீட்டர், அகலம் இரண்டு கிலோமீட்டர். புல் பூண்டு இல்லை. காய்ந்து பாளம் பாளமாக வெடித்த களிமண் தரை மட்டுமே. தெற்கு ஓர மலைச்சரிவிலிருந்து உருண்டு விழுந்த கற்கள் அதில் சிதறிக் கிடக்கின்றன.

வியப்பு கற்களில் இல்லை, அவற்றின் பின்னால் இருக்கிறது. ஒவ்வொரு கல்லும் தரையை உழுதுகொண்டு வந்ததுபோல் ஒரு நீண்ட தடம். சில தடங்கள் நூறு மீட்டரையும் தாண்டுகின்றன. குனிந்து பார்த்தால், தடத்தின் இரு விளிம்பிலும் மண் சற்று மேடேறியிருக்கும். கல்லின் முன்பக்கம் சேறு ஒதுங்கிக் காய்ந்திருக்கும். பக்கத்தில் காலடியோ சக்கரத் தடமோ கிடையாது. அப்படி நகர்ந்தவற்றில் 300 கிலோ எடையுள்ள பாறையும் உண்டு.

இதற்கு என்னென்னவோ காரணம் சொன்னார்கள். சூறைக்காற்று என்றார்கள், சுழல்காற்று என்றார்கள், காந்தவிசை என்றும் பேசினார்கள். 1948 முதல் புவியியலாளர்கள் முறையாக ஆராய்ந்தும், கல் நகர்வதை யாரும் நேரில் பார்க்கவில்லை.

2011-இல் ஆய்வாளர் ரிச்சர்ட் நோரிஸ், அவருடைய உறவினர் ஜேம்ஸ் நோரிஸ் ஆகியோரின் குழு அங்கே ஒரு வானிலை நிலையத்தை நிறுவியது. பூங்காவின் கற்களைத் துளையிட அனுமதி இல்லாததால், வெளியிலிருந்து கொண்டுவந்த 15 கற்களில் ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி வைத்தார்கள். 2013 டிசம்பரில் அவர்கள் போனபோது, படுகையில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கி, மேலே உறைந்திருந்தது. டிசம்பர் 20 அன்று அவர்கள் கண்ணெதிரே 60-க்கும் மேற்பட்ட கற்கள் நகர்ந்தன.

நடப்பது இதுதான். முதலில் மழையோ பனியோ பெய்து படுகையில் நீர் தேங்க வேண்டும். அந்த நீர் மெல்லிய பனிக்கட்டி மிதக்கும் அளவுக்கு ஆழமாகவும், கற்கள் முழுகாத அளவுக்கு ஆழம் குறைந்தும் இருக்க வேண்டும். பிறகு அந்த நீர் உறைய வேண்டும். 1913-இல் 56.7 டிகிரி செல்சியஸ் என்ற உலக வெப்பச் சாதனை பதிவானது இதே பூங்காப் பகுதியில்தான். ஆனால் ரேஸ்ட்ராக் பிளாயா கடல்மட்டத்துக்கு 1,100 மீட்டருக்கு மேலே இருப்பதால், குளிர்கால இரவில் அங்கே தண்ணீர் உறைந்துவிடும். உறையும் தகட்டின் தடிமன் 3 முதல் 6 மில்லிமீட்டர்தான். ஜன்னல் கண்ணாடி அளவு. காலை வெயிலில் அது உருகத் தொடங்கி, பத்து மீட்டர், இருபது மீட்டர் அகலமுள்ள தகடுகளாக உடைகிறது. லேசான காற்று அவற்றைத் தள்ள, அவை கற்களில் மோதி அழுத்துகின்றன. அடியில் இருப்பதோ ஊறிப்போன வழுக்குச் சேறு. கல் மெல்ல நகர்கிறது.

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்றே இதற்குப் போதுமானதாக இருந்தது. இவ்வளவு மெதுவான காற்று தனியொரு கல்லை அசைக்காது. பரந்த பனித்தகடு அந்தக் காற்றின் விசையை எல்லாம் வாங்கி, கற்களின்மீது செலுத்துகிறது. சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. ஒரே தகடு பல கற்களைத் தள்ளும்போது, அவற்றின் தடங்கள் இணையாக அமைகின்றன. காற்று திசை மாறினால் தடமும் வளைகிறது.

இத்தனை காலம் இது கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. கற்கள் நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர்தான் நகர்கின்றன; தூரத்திலிருந்து பார்த்தால் அசைவே தெரியாது. தடமும் சேற்று நீருக்கு அடியில் பதிவதால், நீர் வற்றிய பிறகே வெளியே தெரியும். மழை, உறைபனி, வெயில், காற்று நான்கும் வரிசையாகக் கூடிவரும் நாளும் அபூர்வம். அந்தக் குழுவின் முடிவுகள் 2014 ஆகஸ்டில் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளியாயின.

இயற்கை எழுதிய இந்தத் தடங்களை மனிதன் எளிதில் அழித்துவிடுகிறான். கற்களைத் திருடிப் போனவர்களும், தடையை மீறி வண்டி ஓட்டியவர்களும் உண்டு. ஈரமான படுகையில் பதியும் ஒரு காலடி பல ஆண்டுகள் மறையாது. அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தால், தரை ஈரமாக இருக்கும்போது கரையிலேயே நின்று பாருங்கள், கற்களைத் தொடாதீர்கள்.