காகிதக் காற்றுப்பைகளும் கடல்கடந்த வாணிகமும்

முன்னுரை

வாணிகம் என்பது பொருளை விற்றுச் செல்வம் ஈட்டுவது மட்டுமன்று. விற்ற பொருளைச் சிதைவின்றி உரியவர் கையில் சேர்ப்பதும் அதன்பாற்பட்டதே ஆகும். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் எனப் போற்றுவது நம் மரபு. சரக்கை ஏற்றுபவர் ஒருவர், கொண்டு செல்பவர் வேறொருவர், இறக்குபவர் மற்றொருவர் என்று ஆகிவிட்ட இன்றைய உலகில், அவ்வமானிதத்தைக் காக்கும் எளிய கருவிகளுள் ஒன்று காகிதக் காற்றுப்பை. டன்னேஜ் பை என்று சரக்குத் துறையினர் இதனை வழங்குவர். இப்பை இயங்கும் முறையையும், இதற்கெனச் சந்தை உருவான வரலாற்றையும், இதன்மேல் பொறிக்கப்படும் 'மறுசுழற்சிக்கு உரியது' என்னும் சொல் எப்போது மெய்யாகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இடைவெளியும் இடரும்

1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கத் தொழிலதிபரின் ஐடியல் எக்ஸ் கப்பல், 58 பெட்டகங்களைச் சுமந்துகொண்டு நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகத்தின் காலம் அன்று தொடங்கியது எனலாம். மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றும் உழைப்பு குறைந்தது, களவும் குறைந்தது. ஆயினும் பெட்டகத்திற்குள்ளே ஒரு புதிய சிக்கல் எழுந்தது. பெட்டகத்தின் அளவு உலகெங்கும் ஒன்றுதான். அதற்குள் வைக்கப்படும் சரக்கின் அளவோ ஆயிரம் வகைப்படும்.

இருபதடிப் பெட்டகத்தின் உள் அகலம் ஏறத்தாழ 2.35 மீட்டர். பாலெட் எனப்படும் சரக்குத் தட்டுகளில் ஒரு மீட்டர் அகலமுள்ளவற்றை இரண்டிரண்டாக அடுக்கினால் 35 சென்டிமீட்டர் இடம் வெறுமையாக நிற்கும். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் ஆகிய மூன்றும் இணைந்து 2014-இல் பெட்டகங்களில் சரக்கு அடுக்குவதற்கான நடைமுறை விதித்தொகுப்பு ஒன்றை வகுத்தன. நெருக்கி அடுக்கப்படும் சரக்கில், கிடைமட்டமாக எத்திசையிலும் இடைவெளிகளின் கூட்டுத்தொகை 15 சென்டிமீட்டரை விஞ்சலாகாது என்பது அதன் நெறி. ஆகவே மேற்சொன்ன இடைவெளியை ஏதேனும் ஒன்றால் நிரப்பியே ஆகவேண்டும்.

நிரப்பாவிடின் விளைவது யாது? கொந்தளிப்பு மிகுந்த கடற்பரப்புகளில் கப்பல் பக்கவாட்டில் உருளும்போது, சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு வரை பக்க விசையாகத் தாக்கக்கூடும் என அவ்விதித்தொகுப்பு கொள்கிறது. அதாவது, 10 டன் சரக்கு 8 டன் எடைக்கு ஈடான விசையுடன் பெட்டகத்தின் சுவரை நோக்கிப் பாயும். இடைவெளி இருப்பின் அது வேகமெடுத்து மோதும். சரக்கு உடைவது ஒருபுறம் இருக்க, சாய்ந்து நிற்கும் பாரம் கதவைத் திறக்கும் தொழிலாளியின் மேல் சரிந்து உயிரிழப்பையும் ஏற்படுத்தும்.

காற்றின் வலிமை

காகிதக் காற்றுப்பை இரு பகுதிகளை உடையது. உள்ளே காற்றைத் தாங்கும் பாலித்தீன் பை. வெளியே வலிமையைத் தரும் கிராஃப்ட் காகித உறை. மரக்கூழை வலுக்குன்றாமல் பிரித்தெடுக்கும் சல்பேட் முறையை 1879-இல் ஜெர்மானிய வேதியியலார் கார்ல் டால் கண்டறிந்தார். 'கிராஃப்ட்' என்னும் ஜெர்மன் சொல்லுக்கு வலிமை என்பதே பொருள். வெறும் பையை இரு சரக்கு வரிசைகளுக்கிடையே தொங்கவிட்டு, வால்வின் வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தினால், அது விரிந்து இருபுறமும் அணைத்துக்கொள்ளும்.

இதன் நுட்பம் மிக எளிது. விசை என்பது அழுத்தத்தையும் பரப்பளவையும் பெருக்கி வருவது. மகிழுந்துச் சக்கரத்தில் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார். காற்றுப்பைக்கு அதில் பத்தில் ஒரு பங்காகிய 0.2 பார் போதும். ஆயினும் பை ஒரு சதுர மீட்டர் பரப்பில் சரக்கைத் தொடுமாயின், அது தரும் எதிர்விசை 2 டன் எடைக்கு ஈடாகிறது. முன்னர்க் கூறிய 8 டன் விசையில் தரையின் உராய்வு 3 டன் அளவைத் தாங்கிக்கொண்டால், எஞ்சிய 5 டன்னை இத்தகைய மூன்று பைகள் தாங்கிவிடும்.

காற்றுக்கு அதற்கே உரிய குறைகளும் உண்டு. வெயிலில் பெட்டகம் சூடேறினாலும், வாகனம் மலையேறிச் சுற்றுப்புற அழுத்தம் குறைந்தாலும் பை மேலும் விம்மும். 25 பாகை வெப்பத்தில் 0.2 பார் அழுத்தத்துடன் நிரப்பிய பை, 55 பாகையில் ஏறத்தாழ 0.3 பாரை எட்டிவிடும். எனவே அளவறிந்து காற்றடைக்க வேண்டும். கதவை ஒட்டி இப்பையை வைத்தல் ஆகாது. வைப்பின் கதவைத் திறப்பவர்மேல் அது சீறிப் பாயும்.

சந்தை உருவான வகை

இப்பைகளை முதன்முதலில் பெருமளவில் ஏற்ற சந்தைகளுள் வட அமெரிக்க இரயில் சரக்குத் துறை குறிப்பிடத்தக்கது. அங்குள்ள சரக்கு முற்றங்களில், மேட்டிலிருந்து உருட்டிவிடப்படும் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி இணையும். அவ்வதிர்ச்சி சரக்கை நிலைகுலையச் செய்யும். இதனால் அமெரிக்க இரயில் நிறுவனங்களின் சங்கம் பைகளை அவற்றின் தாங்குதிறனுக்கேற்ப ஐந்து நிலைகளாக வகுத்தது. வாங்குவோர் நம்பத்தக்க ஓர் அளவுகோல் கிடைத்தபின் விற்பனை விரிந்தது இயல்பே.

இரண்டாம் உந்துதல் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அதுவரை இடைவெளிகளை நிரப்பப் பெரிதும் பயன்பட்டவை மரக்கட்டைகள். அம்மரத்தில் பூச்சிகளும் ஒளிந்து பயணம் செய்தன. 1996-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டறியப்பட்டது. சரக்குடன் வந்த மரப்பொதிகளின் வழியாக அது வந்தது எனக் கருதப்படுகிறது. இத்தகைய கேடுகளைத் தடுக்கும் பொருட்டுப் பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையினர் 2002-இல் பதினைந்தாம் நெறிமுறையை வகுத்தனர். மரத்தின் உட்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் இருக்குமாறு சூடாக்குதல், மெத்தில் புரோமைடு புகையூட்டல் ஆகியவை அதில் விதிக்கப்பட்டன. அப்புகையோ ஓசோன் படலத்தைச் சிதைப்பது. காகிதத்திற்கு இந்நெறிமுறை பொருந்தாது. முத்திரை வேண்டா, சூடேற்றல் வேண்டா, தச்சரும் வேண்டா என்னும் நிலையில், மரத்தை விட்டுக் காகிதத்தை நோக்கிப் பலரும் நகர்ந்தனர்.

இன்று இச்சந்தையில் நெதர்லாந்தின் கார்ட்ஸ்டிராப், அமெரிக்காவின் சிக்னோடு முதலிய நிறுவனங்கள் முன்னிற்கின்றன. கிரவுன் என்னும் தகர உறை நிறுவனம் 2018-இல் சிக்னோடை விலைக்கு வாங்கியது. சரக்கைக் காக்கும் பொருள்களின் வாணிகம் சிறு தொழிலாக இல்லை என்பதற்கு இது சான்று.

காகிதப் பைக்குப் போட்டியாக நிற்பது பாலிபுரோப்பிலீன் இழைகளால் நெய்த உறையுடைய பை. ஈரம் பட்டால் காகிதம் வலிமை குன்றும். வெப்பநாட்டுக் கடல்வழிகளில் பெட்டகத்தின் கூரையிலிருந்து நீர்த்துளிகள் சொட்டுவதும் உண்டு. நெய்த பை அந்த ஈரத்திற்கு அஞ்சாது. ஆதலின் உலர்ந்த தரைவழிக்குக் காகிதமும், நெடிய கடல்வழிக்கு நெய்த பையும் என வாங்குவோர் பிரித்துக் கொள்வதுண்டு.

மறுசுழற்சி என்னும் வாக்கு

காகிதப் பையை விற்போர் முதன்மையாக எடுத்துரைக்கும் சிறப்பு, அது மறுசுழற்சிக்கு உரியது என்பதாகும். இது பொய்யன்று. கிராஃப்ட் காகிதத்தின் நீண்ட இழைகள் மறுபடியும் காகிதமாவதற்கு மிக ஏற்றவை. ஆனால் உள்ளே இருப்பது பாலித்தீன். இரண்டையும் பிரித்தால் இரண்டுமே மூலப்பொருள். பிரிக்காவிடின் இரண்டுமே குப்பை.

பிரிப்பது கடினமான செயலும் அன்று. சரக்கை இறக்குபவர் பையைக் கத்தியால் கீறிக் காற்றை வெளியேற்றுவது வழக்கம். அக்கீறலை நீட்டி, உட்பையை உருவியெடுத்துத் தனியே இட்டால் பணி முடிந்தது. உட்பை உறையோடு ஒட்டப்படாமல் இருப்பின் அது சில நொடிகளின் வேலை.

எனினும் இங்கேதான் சந்தையின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. பையைத் தெரிவு செய்து விலைகொடுத்து வாங்குபவர் சரக்கை அனுப்புபவர். அதனைக் கழிவாகப் பெறுபவரோ வேறொரு நாட்டில் சரக்கை இறக்குபவர். வாங்குபவருக்குக் கழிவின் செலவு தெரியாது. கழிவைப் பெறுபவருக்குத் தெரிவு செய்யும் உரிமை இல்லை. 'மறுசுழற்சிக்கு உரியது' என்னும் சொல்லை நம்பி ஒருவர் வாங்குகிறார். அச்சொல்லை மெய்யாக்க வேண்டிய உழைப்போ, அவ்வாக்கைக் கொடுத்திராத மற்றொருவர்மேல் விழுகிறது.

ஐரோப்பியர் இதனைச் சட்டத்தால் ஓரளவு சரிசெய்ய முயன்றுள்ளனர். போக்குவரத்துப் பொதிகளை உற்பத்தியாளரும் விற்பவரும் திரும்பப் பெறவேண்டும் என்று ஜெர்மனி 1991-இலேயே விதித்தது. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதிகள் ஒழுங்குவிதி, 2030-க்குள் சந்தைக்கு வரும் பொதிகள் மறுசுழற்சிக்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும் என்கிறது.

சட்டம் எட்டாத இடங்களில் என்ன நேர்கிறது? பல ஆண்டுகள் உலகின் கழிவுத் தாளைப் பெருமளவில் வாங்கிய சீனா, 2018-இல் கலப்பின் அளவை 0.5 விழுக்காடாகக் கட்டுப்படுத்தியது. 2021 முதல் திடக்கழிவு இறக்குமதியையே நிறுத்தியது. மேலைநாட்டுக் கழிவுத் தாள் இந்தியாவையும் தென்கிழக்காசியாவையும் நாடி வரலாயிற்று. தாள் ஆலையில் கழிவுத் தாளை நீரிலிட்டுக் கலக்கும்போது இழைகள் பிரிந்து கூழாகும். கலந்துவந்த பாலித்தீன் சல்லடையில் தங்கிவிடும். அது போகுமிடம் எது? உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் வட்டாரத்தில், இறக்குமதியான கழிவுத் தாளுடன் வந்த பிளாஸ்டிக் எரிக்கப்படுவது பற்றி 2022-இல் செய்திகள் வெளிவந்தன. தொலைநாட்டுக் கிடங்கொன்றில் சில நொடிகள் செலவிட்டுப் பிரித்திருக்க வேண்டியதை, இங்குள்ள மக்கள் புகையாகச் சுவாசிக்கின்றனர்.

முடிவுரை

காகிதக் காற்றுப்பை பயனுள்ள கருவி என்பதில் ஐயமில்லை. காடுகளைக் காக்கிறது, தொழிலாளியின் உயிரைக் காக்கிறது, சரக்கின் இழப்பைத் தவிர்க்கிறது. அதன் எஞ்சிய குறையும் தீர்க்க முடியாதது அன்று. உட்பையை உறையோடு ஒட்டாமல் தயாரித்தல், பிரிக்கும் முறையைப் பையின்மேலேயே படத்தால் காட்டுதல், பிரித்து ஒப்படைக்கும் பொறுப்பையும் அதற்குரிய கூலியையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுதல் ஆகிய மூன்றும் போதும். வாணிகவியல் பயிலும் நம் மாணவர்கள் நாளை ஏற்றுமதி நிறுவனங்களில் பணியாற்றும்போது, பையின் விலையைக் கேட்பதோடு நில்லாமல், அது கிழிக்கப்பட்ட பிறகு எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். பெட்டகத்திலுள்ள சரக்கு அமானிதம் எனின், அது சென்று சேரும் ஊரின் மண்ணும் காற்றும் அவ்வாறே அமானிதம் ஆகும்.