மீன் கூடும் இடம்

விடியற்காலையில் பினாங்கின் பத்து மாவுங் கரையிலிருந்து இரண்டு சிறிய படகுகள் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே வகைத் தூண்டில், ஒரே வகை இரை, ஒரே அளவு எரிபொருள். நண்பகலில் ஒரு படகு பெட்டி நிறைய மீனோடு திரும்புகிறது. மற்றொன்றிலோ குழம்புக்குக்கூட மீன் இல்லை. இதை அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லலாம். அனுபவமுள்ள மீனவர் அப்படிச் சொல்லமாட்டார். மீன்கள் கடல் முழுவதும் சமமாகப் பரவி இருப்பதில்லை. அவை சில இடங்களில், சில நேரங்களில் மட்டுமே கூடுகின்றன. அந்த இடத்தையும் நேரத்தையும் அறிந்துகொள்வதே மீனவரின் கல்வி.

மீனுக்கு அடிப்படையில் மூன்று தேவைகள் உள்ளன. அதற்கு உணவு வேண்டும். எதிரியிடமிருந்து ஒளிந்துகொள்ள மறைவிடம் வேண்டும். நீரோட்டத்தை எதிர்த்து ஓயாமல் நீந்தி வலுவை இழக்காமலிருக்க ஓர் ஒதுக்கிடம் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமையும் இடமே மீன் கூடும் இடம்.

அத்தகைய இடத்தைத் தேடுபவர் முதலில் கடலின் அடித்தளத்தை அறிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் கடல் ஒரே சமதளமாகத் தோன்றும். நீருக்கு அடியிலோ மேடு, பள்ளம், பாறை, சேறு, மணல் எனப் பல வேறுபாடுகள் உண்டு. எங்கும் ஒரே மாதிரியாக இருக்கும் தரையைவிட, ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லையில்தான் மீன்கள் மிகுதியாகத் திரியும். மேடு சரிந்து பள்ளமாகும் விளிம்பும் சேறு முடிந்து பாறை தொடங்கும் ஓரமும் இத்தகைய எல்லைகளாகும். பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீரிணையில், பினாங்குப் பாலத்துக்கு அருகே ‘மிடல் பேங்க்’ என்ற மேடு இருக்கிறது. அங்கே கடற்புல் வளர்ந்துள்ளது. இறால், நண்டு, மீன் குஞ்சுகள் ஆகியவை அந்தப் புல்லுக்கிடையே ஒளிந்து வளர்கின்றன. சிறியவை இருக்கும் இடத்தைப் பெரியவை தேடி வருவது இயல்புதானே?

மனிதன் கட்டியவையும் மீனுக்கு வீடாகலாம். 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் கடலின் மேல் ஏறத்தாழ 8.4 கிலோமீட்டர் தொலைவுக்குச் செல்கிறது. அதைத் தாங்கும் தூண்களில் காலப்போக்கில் சிப்பிகளும் மட்டிகளும் பாசியும் ஒட்டி வளர்ந்தன. அவற்றை உண்ணச் சிறு மீன்கள் வந்தன. சிறு மீன்களை உண்ணக் கொடுவா, கெராப்பு போன்ற பெரிய மீன்கள் வந்தன. மேலும், நீரோட்டம் தூணில் மோதிப் பிரியும்போது தூணுக்குப் பின்புறம் வேகம் குறைந்த சிறு பகுதி உண்டாகிறது. நாம் ‘சியாக்காப்’ என்று அழைக்கும் கொடுவா அங்கே ஒதுங்கி நின்று, நீரோட்டம் அடித்துக்கொண்டு வரும் இரைக்காகக் காத்திருக்கும்.

இடம் சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் பயனில்லை. பினாங்குக் கடலில் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். இந்த நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் பெரிதாக இருக்கும். நீரோட்டமும் வலுவாக இருக்கும். பிறை அரைவட்டமாக இருக்கும் நாள்களில் ஓதம் சிறிதாகும். நீர் சற்றும் அசையாத வேளையில் பல மீன்கள் இரை எடுக்க மெனக்கெடுவதில்லை. நீரோட்டம் மிக வலுவாக இருந்தாலோ தூண்டில் நிற்காது. எனவே, நீர் திரும்பி மெல்ல நகரத் தொடங்கும் வேளையை மீனவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அவர்கள் நிலவையும் ஓத அட்டவணையையும் பார்ப்பது அதனால்தான்.

கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தை அக்காலத்தவர் எப்படி அறிந்தனர்? கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கினார்கள். நனைந்த கயிற்றின் நீளம் ஆழத்தைக் காட்டியது. குண்டின் அடியில் தடவிய கொழுப்பில் ஒட்டி வந்த மணலோ சேறோ தரையின் தன்மையைக் காட்டியது. நல்ல இடம் கிடைத்ததும் கரையிலுள்ள அடையாளங்களைக் கொண்டு அதை நினைவில் வைத்தார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு பக்கம் கொம்தார் கோபுரமும் அதன் பின்னுள்ள குன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். மறுபக்கம் பாலத்தின் கோபுரமும் ஜெரேஜா தீவும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். இவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே அந்த இடம். கணிதப் பாடத்தில் நாம் படிப்பதைப் படகிலேயே கற்றவர்கள் அவர்கள்! திரெங்கானுவில் ‘ஜூரு செலாம்’ எனப்படுவோர் நீருக்குள் மூழ்கி, மீன் கூட்டம் எழுப்பும் ஒலியைக் காதால் கேட்டே அது இருக்கும் திசையைச் சொல்வார்கள். இன்று அந்தக் காதின் வேலையை எதிரொலிக் கருவி செய்கிறது. அது கீழ்நோக்கி ஒலியலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டுகிறது.

இந்த விதிகள் நம் வெப்பமண்டலக் கடலுக்கு மட்டும் உரியவையா? கனடாவின் வின்னிபெக் ஏரியைப் பார்ப்போம். அது நம் பேராக் மாநிலத்தைவிடப் பெரியது. குளிர்காலத்தில் அதன் மேற்பரப்பு உறைந்துவிடும். நீர் 4 பாகை செல்சியசில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். ஆகவே, பனிக்கட்டி மேலே மிதக்க, அந்த வெப்பநிலையை ஒட்டிய நீர் அடியில் தங்குகிறது. அதில் மீன்கள் உயிர்வாழ்கின்றன. அங்குள்ளவர்கள் பனிக்கட்டியில் துளையிட்டு ‘வாலாய்’ என்னும் மீனைப் பிடிக்கிறார்கள். நடப்பதற்கே குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள தெளிந்த பனிக்கட்டி வேண்டும். அவ்வளவு பெரிய ஏரியில் எங்கே துளையிடுவது? அவர்களும் ஆழ வரைபடத்தைப் பார்த்து, மேடு சரியும் விளிம்பையும் பாறையும் சேறும் சந்திக்கும் ஓரத்தையும் ஆற்றின் முகத்துவாரத்தையும் தேடுகிறார்கள். ஆழம் குறைந்த இடத்திலிருந்து ஆழமான இடம்வரை வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் எதிரொலிக் கருவியை இறக்கிப் பார்க்கிறார்கள். வாலாய் மீனின் கண்ணில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. ஆகையால் அது மங்கிய ஒளியிலும் நன்கு பார்க்கும். விடியலிலும் அந்திப் பொழுதிலும் அது மேட்டுக்கு ஏறி இரை தேடுவதால், அவ்வேளைகளுக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். நாடும் நீரும் மீனும் வேறு. தேடும் முறை ஒன்றே.

மீன் கூடும் இடத்தை நாமே உருவாக்கவும் முடியும். நம் நாட்டு மீனவர்கள் தென்னை ஓலைகளைக் கயிற்றில் கட்டிக் கடலில் நிறுத்துவார்கள். ‘உஞ்சாம்’ எனப்படும் இதன் நிழலைத் தேடி மீன்கள் வரும். மலேசிய மீன்வளத் துறை 1975ஆம் ஆண்டு கெடாவின் தெலோர் தீவை ஒட்டிய கடலில் பழைய டயர்களைக் கொண்டு செயற்கைப் பாறைத்திட்டு அமைத்தது. பின்னர் கற்காரையாலான திட்டுகளும் பல இடங்களில் அமைக்கப்பட்டன.

உருவாக்க முடிவதைப் போலவே அழிக்கவும் முடியும். கடற்புல் மேட்டை மண்ணிட்டு மூடினால் அங்கு வளரும் குஞ்சுகளுக்குப் புகலிடமில்லை. சதுப்புநிலக் காட்டை வெட்டினால் இறாலுக்கு வளரும் இடமில்லை. கைவிடப்பட்ட வலை பாறையில் சிக்கிக்கொண்டால், யாருக்கும் பயனின்றி மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். மீன் கூடும் இடம் தெரிந்தவர் அங்குள்ள எல்லாவற்றையும் பிடித்துவிட்டால், அடுத்த ஆண்டு அந்த அறிவால் அவருக்கே பயனிராது. இதை உணர்ந்த பினாங்குக் கரையோர மீனவர்கள் 1990ஆம் ஆண்டுகளிலிருந்து பாக்காவ் கன்றுகளைச் சேற்றில் நட்டு வருகிறார்கள். சிறிய மீன்களை மீண்டும் கடலில் விடுவதும், அறுந்த தூண்டில் நரம்பைக் கரைக்குக் கொண்டுவருவதும் நம்மாலும் இயலும் செயல்களே.

அடுத்த முறை பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது கீழே பாருங்கள். நிலைநிறுத்திய படகொன்று தூணுக்கு அருகே நிற்கலாம். அதிலிருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தரையையும் நீரோட்டத்தையும் நேரத்தையும் கணக்கிட்டே அந்த இடத்தில் நிற்கிறார். அவருடைய பேரனும் அதே இடத்தில் மீன் பிடிக்க முடியுமா என்பது, அந்த இடத்தை இன்று நாம் எப்படிக் காக்கிறோம் என்பதைப் பொறுத்தது.